“உயரம் போதாது!” என்று கழிக்கப்பட்ட கால்பந்து வீரர்கள்

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதக் கடைசியில் அங்கே ஒரு வேடிக்கை நடக்கும்.

முந்நூறுக்கு மேற்பட்ட வாலிபர்கள் அங்கு வந்து கூடுவார்கள். எல்லோரும் கல்லூரிகளில் கால்பந்து ஆடிப் பெயர் வாங்கியவர்கள். அவர்களை அரைக்கால் சட்டையோடு ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவார்கள். உயரம் அளப்பார்கள். எடை போடுவார்கள். தோளில் இருந்து விரல் நுனி வரை கை நீளம் பார்ப்பார்கள். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, கட்டை விரலில் இருந்து சுண்டு விரல் வரை அதையும் அளப்பார்கள்!

உயரத்தில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் கூட விட மாட்டார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தக் கதைதான்.

சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. அமெரிக்காவில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடும் 32 பெரிய கோஷ்டிகளின் அதிகாரிகள், பயிற்சியாளர்கள், ஆள் பொறுக்கும் தேர்வாளர்கள். அவர்கள் கையில் பேனாவும் காகிதமும் இருக்கும். ஒருவன் உயரம் 5 அடி 10 அங்குலம் என்று அறிவிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் லைன்பேக்கர் இடத்தில் ஆடுகிறவனாக இருந்தால், பல காகிதங்களில் அவன் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுந்துவிடும்!

என்ன ஆட்டம் இது?

நம் ஊரில் கால்பந்து என்றால் உருண்டைப் பந்தைக் காலால் உதைப்பது. அமெரிக்கக் கால்பந்து வேறு. பந்தின் இரு முனையும் கூராக இருக்கும். அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாம். முன்னால் நிற்கும் கூட்டாளிக்கு எறியலாம். எதிரி பாய்ந்து கட்டிப் பிடித்துத் தரையில் சாய்க்கலாம். தலைக்கவசமும் தோள் கவசமும் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கம் நான்கு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். மறு பக்கம் அதைத் தடுக்க வேண்டும்.

தடுக்கும் பக்கத்தின் முன் வரிசையில் மலை மலையாக ஆட்கள் குனிந்து நிற்பார்கள். அவர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால் நிற்பவர்தான் லைன்பேக்கர். முன் வரிசையில் ஓட்டை விழுந்தால் அதை அடைப்பது அவர் வேலை. பந்து மேலே பறந்தால் பின்னால் ஓடி மறிப்பதும் அவர் வேலை. நடுவில் நிற்கும் லைன்பேக்கர் என்றால், மற்றப் பத்துப் பேருக்கும் உத்தரவு போடுவதும் அவரே.

சடுகுடுவில் பாடி வருகிறவனை மடக்க நடுவில் ஒருவன் நிற்பான் அல்லவா? அவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே பாடி வருகிறவன் தனியாக வருவதில்லை. அவனுக்கு வழி உண்டாக்க, ஆளுக்கு 300 ராத்தல், அதாவது 136 கிலோ எடையுள்ள ஐந்து பேர் முன்னால் இடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள்! அவர்களைச் சமாளித்துவிட்டுத்தான் பந்துக்காரனைப் பிடிக்க வேண்டும்.

இந்த இடத்துக்குக் குள்ளமான ஆள் வந்து நின்றால் தேர்வாளர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இயல்புதான்.

ஆளெடுப்பு

கல்லூரி வீரர்களைக் கோஷ்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும் முறைக்கு “டிராப்ட்” என்று பெயர். ஆளெடுப்பு என்று சொல்லலாம். 1936-ம் ஆண்டு முதல் இது நடக்கிறது. பிலடெல்பியா கோஷ்டியின் சொந்தக்காரர் பெர்ட் பெல் என்பவர் சொன்ன யோசனை இது. முந்திய ஆண்டில் கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை. வென்ற கோஷ்டி கடைசியில்தான் பொறுக்கலாம். மெலிந்தவன் தேறட்டும் என்ற ஏற்பாடு.

இப்போது ஏப்ரல் மாதத்தில் மூன்று நாள் ஏழு சுற்றாக இது நடக்கிறது. நாடு முழுவதும் கல்லூரிகளில் ஆடுகிறவர்கள் பல்லாயிரம் பேர். பெயர் வாசிக்கப்படுவது சுமார் 250 பேருக்குத்தான். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன் கோடீசுவரன் ஆகிவிடுகிறான். ஏழாவது சுற்றுக்காரனுக்கு அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். பெயரே வராதவன் ஏதாவது ஒரு கோஷ்டியின் பயிற்சி முகாமில் போய்ச் சொற்பப் பணத்துக்குச் சேரலாம். நாளைக்கே, “நீ போகலாம்” என்று சொன்னால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே ஓர் அங்குலம் என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதில் தொங்குகிறது.

ஓட்டமும் பாரமும்

இண்டியானாபோலிசில் அளந்து முடித்ததும் சோதனைகள் தொடங்கும். 40 கஜ தூரம் ஓட வேண்டும். ஒரு நொடியை நூறு பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்ப்பார்கள். நின்ற இடத்தில் இருந்து மேலே குதிக்க வேண்டும். முன்னால் தாண்ட வேண்டும். மல்லாந்து படுத்து 225 ராத்தல் பாரத்தை, அதாவது 102 கிலோவை, எத்தனை தடவை தூக்க முடியுமோ அத்தனை தடவை தூக்க வேண்டும். வைத்தியர்கள் மூட்டு மூட்டாகத் திருகிப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு கோஷ்டியும் தனியே அழைத்துக் கேள்வி கேட்கும்.

இவ்வளவும் தேவைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைன்பேக்கர் ஆட்டத்தில் நேர்க்கோட்டில் 40 கஜம் ஓடுவது அபூர்வம். அவர் ஓடுவது பெரும்பாலும் ஐந்து கஜம், பத்து கஜம். அதுவும் நேராக அல்ல. இடது பக்கம் இரண்டு எட்டு, ஓர் இடி, வலது பக்கம் திரும்பி ஒரு பாய்ச்சல். இதை எந்தக் கடிகாரம் அளக்கும்?

கெட்டிக்காரத் தேர்வாளர்கள் இதற்குப் படத்தைத்தான் நம்புவார்கள். வீரன் கல்லூரியில் ஆடிய ஆட்டங்களை எல்லாம் படம் பிடித்து வைத்திருப்பார்கள். இருட்டறையில் உட்கார்ந்து அதை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள்.

அவர்கள் தேடுவது முக்கியமாக ஒன்றே ஒன்று. முதல் எட்டு!

பந்து நகர்ந்த கணத்தில் லைன்பேக்கரின் கால் எந்தப் பக்கம் போகிறது? எதிரி வரிசையில் உள்ள காவலன் ஒருவன் இடம் விட்டு இடது பக்கம் ஓடுகிறான் என்றால், பந்தும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். அவன் நிமிர்ந்து பின்வாங்கினால் பந்தை எறியப் போகிறார்கள் என்று அர்த்தம். இந்தக் குறிப்புகளை அரை நொடிக்குள் படித்துக் காலை எடுத்து வைப்பவன் ஒரு ரகம். பார்த்து, யோசித்து, பிறகு ஓடுபவன் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தான் ஆறடி மூன்று அங்குலம் இருந்தாலும் பந்துக்காரனின் முதுகைத்தான் பார்ப்பான்.

அடுத்து, இடிக்க வருகிறவனிடம் இருந்து எப்படி விடுபடுகிறான் என்று பார்ப்பார்கள். இங்கேதான் குள்ளர்களைப் பற்றிய பயம் அதிகம். கை குட்டையாக இருந்தால் எதிரி முதலில் நெஞ்சைப் பிடித்துவிடுவான். பிடித்துவிட்டால் 136 கிலோ கனத்தில் இருந்து பிய்த்துக்கொண்டு வருவது கஷ்டம்.

ஆனால் குள்ளனுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. பள்ளத்தில் இறங்கிய வண்டியை நிமிர்ந்து நின்று தள்ளினால் அசையாது. குனிந்து தோள் கொடுத்தால்தான் நகரும். இந்த ஆட்டத்திலும் அப்படித்தான். இரண்டு பேர் மோதும்போது யாருடைய தோள் தாழ்வாக இருக்கிறதோ அவன் கைதான் ஓங்கும். நெட்டையன் ஆட்டம் முழுவதும் குனிந்து குனிந்து சலித்துப் போவான். குள்ளன் பிறவியிலேயே குனிந்தவன்!

இது வெறும் பேச்சு அல்ல என்று காட்டியவர் ஒருவர் இருந்தார்.

சாம் மில்ஸ்

அவர் பெயர் சாம் மில்ஸ். 1959-ம் ஆண்டு பிறந்தவர். நியூஜெர்சி மாகாணத்தில் லாங் பிராஞ்ச் என்ற கடற்கரை ஊரில் வளர்ந்த நீக்ரோ இனத்தவர் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதியிருக்கும். இன்று கறுப்பர் என்கிறோம். உயரம் 5 அடி 9 அங்குலம். அவ்வளவுதான்!

பெரிய சர்வகலாசாலைகள் அவரைத் தேடி வரவில்லை. அருகில் இருந்த மாண்ட்கிளேர் என்ற சிறிய அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வகைக் கல்லூரிகளில் விளையாட்டுக்காக உதவிச் சம்பளம் கிடையாது. படிக்கிற பிள்ளைகள் ஆசைக்கு ஆடுவார்கள். அந்தக் களத்தில் மில்ஸ் எதிரிகளைச் சாய்த்த கணக்கு 501. அந்தக் கல்லூரியில் அது ஒரு சாதனை.

ஆனால் தேர்வாளர்கள் என்ன சொன்னார்கள்? “சின்னக் கல்லூரி. எதிரிகளும் சின்ன எதிரிகள். ஆளோ குள்ளம்.” முதல் இரண்டும் நியாயமான சந்தேகம்தான். சாய்த்த கணக்கை மட்டும் பார்த்து ஆள் எடுக்க முடியாது. யாரைச் சாய்த்தான் என்றும் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் அவரைக் கெடுத்தது.

1981-ம் ஆண்டு ஆளெடுப்பு 12 சுற்று நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டன. சாம் மில்ஸ் பெயர் இல்லை.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கோஷ்டி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. பிறகு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. மறு ஆண்டு கனடாவுக்குப் போனார். டொராண்டோ கோஷ்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மில்ஸ் ஊருக்குத் திரும்பினார். ஈஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் புகைப்படக் கலை சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஆனார். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சிக்கு உதவினார். கதை அங்கேயே முடிந்திருக்கும். எத்தனையோ பேருக்கு அப்படி முடிந்திருக்கிறது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

வயல் எலி!

1983-ல் அமெரிக்காவில் புதிதாக ஒரு போட்டிச் சங்கம் தோன்றியது. பழைய சங்கம் இலையுதிர் காலத்தில் ஆடினால், இவர்கள் வசந்த காலத்தில் ஆடினார்கள். புதிய சங்கத்துக்கு ஆள் பஞ்சம். பிலடெல்பியா ஸ்டார்ஸ் என்ற கோஷ்டியின் தலைமை நிர்வாகி கார்ல் பீட்டர்சன் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அவரிடம் சாம் மில்சின் பெயரைச் சொன்னது யார் தெரியுமா? கிளீவ்லாந்தில் மில்சைக் கழித்து அனுப்பிய அதே பயிற்சியாளர், சாம் ருடிக்லியானோ! அனுப்பிய பிறகும் அந்தக் குள்ள ஆளின் ஆட்டம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. கழித்தவரே சிபாரிசு செய்தது பெரிய மனசுதான். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் மில்ஸ் கடைசி வரை புகைப்பட வாத்தியார்தான்.

ஸ்டார்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் பெயர் ஜிம் மோரா. அங்கே மில்சுக்கு “வயல் எலி” என்று பட்டப்பெயர் வந்தது. பெரிய பெரிய ஆட்களின் காலிடுக்கில் மறைந்து, எங்கே இருக்கிறார் என்று தெரியாமல், திடீரென்று பந்துக்காரன் மீது வந்து விழுவார்.

அந்தச் சங்கம் மூன்று ஆண்டுதான் ஆடியது. மூன்று ஆண்டும் ஸ்டார்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனது. 1984-லும் 1985-லும் வெற்றி வாகை சூடியது. பிறகு சங்கமே மூடப்பட்டது.

1986-ல் மோராவை நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் கோஷ்டி அழைத்துக்கொண்டது. அவர் மில்சையும் கையோடு கூட்டிப் போனார். கல்லூரியை விட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து, 27 வயதில், மில்ஸ் பெரிய சங்கத்தில் கால் வைத்தார்.

நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டியின் நிலை அப்போது பரிதாபமானது. 1967-ல் தொடங்கியதில் இருந்து ஓர் ஆண்டில் கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் இல்லை. 1980-ல் 16 ஆட்டத்தில் 15 தோல்வி! ஊர் ரசிகர்கள் வெட்கம் தாங்காமல் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள்.

1987-ல் அதே கோஷ்டி 15 ஆட்டத்தில் 12-ல் வென்றது. காகிதப் பைகள் குப்பைக்குப் போயின. நடுவில் நின்று உத்தரவு போட்டவர் 5 அடி 9 அங்குல மனிதர்.

அந்தக் கோஷ்டியில் லைன்பேக்கர்கள் நால்வர். ரிக்கி ஜாக்சன், வான் ஜான்சன், பாட் ஸ்விலிங், சாம் மில்ஸ். 1992-ம் ஆண்டு ஆட்டத்துக்காக நாட்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் இந்த நால்வரும் சேர்ந்தாற்போல் இடம்பிடித்தார்கள். ஒரே கோஷ்டியின் நான்கு லைன்பேக்கர்களுக்கு இந்தப் பெருமை கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

தாம் பயிற்சி அளித்த வீரர்களிலே மில்சே சிறந்தவர் என்று பிற்காலத்தில் மோரா சொன்னார்.

முப்பத்தாறு வயதில்

1995-ல் மில்சுக்கு வயது 36. இந்த ஆட்டத்தில் அது கிழப் பருவம். அந்த ஆண்டு புதிதாகத் தோன்றிய கரோலினா பாந்தர்ஸ் கோஷ்டிக்குப் போனார். புதுக் கோஷ்டி முதல் ஐந்து ஆட்டத்திலும் தோற்றது. ஆறாவது ஆட்டம் நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டியுடன். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் தட்டிவிட்ட பந்தை மில்ஸ் நடுவில் புகுந்து பறித்தார். 36 கஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார். கரோலினாவுக்கு அதுதான் சரித்திரத்தில் முதல் வெற்றி!

மறு ஆண்டு, 37 வயதில், ஐந்தாவது முறையாக நாட்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 1997-ம் ஆண்டு ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். பெரிய சங்கத்தில் 12 ஆண்டு, 181 ஆட்டம். 1998-ல் சார்லட் நகர மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

பிறகு அதே கோஷ்டிக்கு லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்தார். 2003 ஆகஸ்டில் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்தார். 2004 ஜனவரியில் ஒரு முக்கிய ஆட்டத்துக்கு முன்பு வீரர்களிடம் பேசினார். வியாதி என்று தெரிந்ததும் தம் முன்னால் இரண்டு வழி இருந்தது, விட்டுவிடுவது அல்லது விடாமல் இடித்துக்கொண்டே இருப்பது, தாம் இரண்டாவதை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்த ஆண்டு கரோலினா இறுதி ஆட்டம் வரை போய், மூன்றே புள்ளியில் தோற்றது.

2005 ஏப்ரல் 18-ல் சாம் மில்ஸ் காலமானார். வயது 45.

கால்பந்து மேதைகளுக்கு ஒஹையோ மாகாணத்தில் கேண்டன் என்ற ஊரில் ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே மில்சுக்கு இடம் கொடுப்பதிலும் இழுபறிதான். சாதாரண வழியில் அவர் பெயரைப் பரிசீலிக்கக் கடைசி ஆண்டு 2022. அந்தக் கடைசி ஆண்டில்தான் இடம் கிடைத்தது. கணவர் சார்பில் மனைவி மெலனி மேடை ஏறினார். அந்த மண்டபத்தில் வெண்கலத்தில் வடித்து வைப்பது தலையையும் தோளையும் மட்டும்தான்.

153 பேருக்குப் பின்னால்

மில்சுக்குப் பிறகாவது நிபுணர்கள் திருந்தினார்களா? அவ்வளவு சுலபத்தில் இல்லை.

டெக்சாஸ் மாகாணத்தில் பாம்பா என்ற ஊரில் பிறந்தவர் சாக் தாமஸ். டெக்சாஸ் டெக் என்ற சர்வகலாசாலையில் ஆடினார். இது சின்னக் கல்லூரி அல்ல. எதிரிகளும் பெரிய எதிரிகள். கல்லூரி வீரர்களில் நாட்டிலேயே சிறந்தவர்கள் வரிசையில் அவர் பெயர் இருந்தது. குறை ஒன்றே ஒன்று. உயரம் 5 அடி 11 அங்குலம்.

1996 ஆளெடுப்பில் அவருக்கு முன்னால் 153 பேர் எடுக்கப்பட்டார்கள்! ஐந்தாவது சுற்றில் மயாமி கோஷ்டி அவரை எடுத்தது. அந்த ஆண்டுதான் ஜிம்மி ஜான்சன் அங்கே பயிற்சியாளராக வந்திருந்தார். கனத்தைவிட வேகத்தை விரும்புகிறவர் அவர்.

மயாமியில் நடு லைன்பேக்கர் இடத்துக்கு அனுபவசாலி ஒருவர் இருந்தார். ஜாக் டெல் ரியோ என்று பெயர். பயிற்சி முகாமில் சில வாரம் பார்த்தார் ஜான்சன். டெல் ரியோவை அனுப்பிவிட்டு, ஐந்தாம் சுற்றுப் பையனைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிட்டார்! தாமஸ் 13 ஆண்டு ஆடினார். ஏழு முறை சிறந்த வீரர்கள் பட்டியலில் வந்தார். 2023-ல் கேண்டன் மண்டபத்தில் இடம் பெற்றார்.

எதிரி எந்த ஆட்டத்தை ஆடப் போகிறான் என்பதைப் படம் பார்த்துப் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தாமஸ் கில்லாடி. அவர் ஓடத் தொடங்கும்போது மற்றவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். முதல் எட்டு என்று சொன்னோமே, அதுதான்.

அகதி முகாமில் பிறந்தவர்

டாட் நுயென் கதை இன்னும் உருக்கமானது. 1975-ல் வியட்நாம் யுத்தம் முடிந்தபோது அவருடைய பெற்றோர் ஊரை விட்டுத் தப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவில் ஆர்க்கன்சாஸ் மாகாணத்து அகதி முகாமில் டாட் பிறந்தார். குடும்பம் டெக்சாஸ் கடற்கரையில் ராக்போர்ட் என்ற ஊரில் குடியேறி, இறால் பிடித்துப் பிழைத்தது.

டெக்சாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலைக்காக ஆடிய டாட், 1998-ல் கல்லூரித் தடுப்பு வீரர்களுக்கான இரண்டு பெரிய பரிசுகளை வாங்கினார். அவர் உயரமும் 5 அடி 11 அங்குலம். 1999 ஆளெடுப்பில் மூன்றாவது சுற்றில், 85-வது ஆளாக, டல்லஸ் கோஷ்டி எடுத்தது. அந்த ஆளெடுப்பில் பெயர் வாசிக்கப்பட்ட முதல் வியட்நாமிய அமெரிக்கர் அவரே.

2003-ல் அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக வந்த பில் பார்செல்ஸ், பெரிய உடல்களை விரும்புகிறவர் என்று பெயர் பெற்றவர். டாட் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பார்செல்சே அவரை நடுவில் நிறுத்தி ஆட வைத்தார்.

ஆனால் கழுத்தும் முழங்காலும் கைவிட்டன. 30 வயதில் டாட் ஓய்வு பெற நேர்ந்தது.

நிபுணர்கள் முட்டாள்களா?

இல்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குள்ளன் எல்லாம் சாம் மில்ஸ் ஆகிவிட மாட்டான். இன்றைய ஆட்டத்தில் பந்து வாங்க ஓடுகிறவர்களில் ஆறரை அடி ஆட்கள் இருக்கிறார்கள். குள்ள லைன்பேக்கர் சரியான இடத்தில் நின்றாலும் பந்து அவர் தலைக்கு மேல் போய்விடும். வாரா வாரம் தன்னைவிட 30, 35 கிலோ கூடுதலான ஆட்களோடு மோதினால் எலும்பு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பதும் நியாயமான கேள்வி. டாட் நுயெனைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

ஆனால் அதற்கும் ஒரே பதில் கிடையாது. லண்டன் பிளெச்சர் என்று ஒருவர். உயரம் 5 அடி 10 அங்குலம். ஒஹையோவில் ஜான் கரோல் என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர். 1998-ல் யாரும் பெயர் வாசிக்கவில்லை. செயின்ட் லூயிஸ் கோஷ்டியின் முகாமில் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது ஆண்டிலேயே அவர் கோஷ்டி நாட்டின் சாம்பியன் ஆனது. மொத்தம் 16 ஆண்டு, 256 ஆட்டம். காயம் என்று சொல்லி ஓர் ஆட்டத்தில் கூட அவர் வெளியே உட்காரவில்லை!

நெட்டையர்களில் கூட இப்படி ஒருவரைக் காட்டுவது கஷ்டம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிறிஸ் போர்லாண்ட் என்ற விஸ்கான்சின் சர்வகலாசாலை வீரர். 5 அடி 11 அங்குலம். 2014-ல் மூன்றாவது சுற்றில் சான்பிரான்சிஸ்கோ கோஷ்டி எடுத்தது. முதல் ஆண்டிலேயே அமர்க்களப்படுத்தினார். குள்ளம் என்று தயங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2015 மார்ச்சில் திடீரென்று, ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று அறிவித்தார். வயது 24. ஓயாத மோதலில் மூளை கெட்டுப்போகும் என்று வைத்தியர்கள் சொல்வதைப் படித்தாராம். ஒப்பந்தத்தின்போது வாங்கிய முன்பணத்தில் பெரும் பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் சம்மதித்தார். ஆளெடுப்பு நாளில் அவர் மனதை அளக்க எந்தக் கோல் இருந்தது?

ரேடியோ யாருக்கு?

ஆட்டமும் மாறி வருகிறது. முன்பு பந்தை ஏந்தி இடித்துக்கொண்டு ஓடுவதே அதிகம். இப்போது எறிவது அதிகம். ஆகவே கனத்தைவிடக் கால் வேகம் உள்ள லைன்பேக்கருக்குக் கிராக்கி. 110 கிலோ கேட்ட இடத்தில் 102, 104 கிலோ ஆட்கள் நிற்கிறார்கள்.

2008 முதல் தடுக்கும் பக்கத்தில் ஒருவருக்கு மட்டும் தலைக்கவசத்தில் சிறிய ரேடியோ வைக்க அனுமதி உண்டு. வெளியில் இருந்து பயிற்சியாளர் சொல்வது அவர் காதில் விழும். அவர் மற்றப் பத்துப் பேருக்கும் சொல்வார். அந்த ரேடியோ பெரும்பாலும் நடு லைன்பேக்கரிடம்தான் இருக்கும். அவரிடம் கேட்கப்படுவது தோள் அகலம் அல்ல. கேட்டதை நொடியில் புரிந்துகொள்ளும் புத்தி.

ஆனாலும் அளவுகோல் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஐவன் பேஸ் என்பவர் சின்சினாட்டி சர்வகலாசாலையின் லைன்பேக்கர். 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உயரம் 5 அடி 10 அங்குலம். 2023 ஏப்ரல் ஆளெடுப்பில் மூன்று நாளில் 259 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் வரவில்லை.

மின்னசோட்டா கோஷ்டி முகாமுக்கு வரச் சொன்னது. போனார். அந்த ஆண்டு ஆட்டங்களில் பாதிக்கு மேல், முதல் பந்து நகரும்போதே அவர் களத்தில் நின்றார்.